சொட்டும் குழாய்: வாஷரா, மரையா, கார்ட்ரிட்ஜா?

குழாய் சொட்ட ஆரம்பித்தால் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது, இன்னும் கொஞ்சம் அழுத்தி மூடுவது. இரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாள் முன்னைவிட வேகமாகச் சொட்டும். கொஞ்ச நாளில் அந்தக் குழாயை வீட்டில் ஒரே ஒருவரால்தான் மூட முடியும் என்ற நிலை வந்துவிடும். அழுத்த அழுத்த உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் பித்தளை விளிம்பில் வெட்டுப்படுகிறது. வெட்டு ஆழமானால் கசிவு கூடும், கசிவு கூடினால் கை இன்னும் அழுத்தும். பத்து ரூபாய் வாஷரில் முடிய வேண்டிய வேலை, குழாயையே மாற்றும் வேலையாகப் போவது இப்படித்தான்.

கடைக்குப் போகும் முன் கசிவு எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துவிட வேண்டும். தண்ணீர் குழாயின் உடம்பைப் பிடித்துக்கொண்டே ஓடி மூக்கு நுனியில் சொட்டும். அதனால் கைப்பிடிக்கு அடியில் கசிவதும் மூக்கில் கசிவது போலவே தெரியும். பழைய துணியால் குழாய் முழுவதையும் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, டிஷ்யூ அல்லது செய்தித்தாள் துண்டை நான்கு இடங்களில் ஒவ்வொன்றாக ஒற்றிப் பாருங்கள்: மூக்கின் வாய், கைப்பிடிக்குக் கீழே உள்ள நட், குழாய் சுவருக்குள் போகும் இடம், சிங்க் குழாயாக இருந்தால் வளைகழுத்தின் அடி.

எப்போது கசிகிறது என்பதும் பாதி விடையைச் சொல்லிவிடும். மூடியிருக்கும்போது மட்டும் மூக்கில் சொட்டினால் வாஷர், அல்லது கால் சுற்றில் மூடும் குழாயென்றால் உள்ளே தண்ணீரை நிறுத்தும் கார்ட்ரிட்ஜ். திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியடியில் ஊறினால் கிளாண்டு, அதாவது தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு நட். திறந்தால் மட்டும் வளைகழுத்தின் அடியில் வந்தால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். திறந்தாலும் மூடினாலும் சுவரோரம் ஈரம் காயவே இல்லையென்றால், குழாயைச் சுவர்ப் பைப்போடு திருகிப் பிடிக்கும் மரையில் கோளாறு. சிலசமயம் குழாயைத் திறந்து வைத்தால் சுவரோரக் கசிவு குறைந்தது போல இருக்கும். தண்ணீர் வெளியே போவதால் அழுத்தம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

எவ்வளவு வீணாகிறது என்று தெரிய வேண்டுமானால் சமையலறை டம்ளரே போதும். 200 மி.லி. டம்ளர் ஒரு மணி நேரத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 4.8 லிட்டர், 30 நாளில் 144 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு இதற்கு மேல் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீரை நிறுத்துவது

மொத்த வேலையில் அதிக நேரம் பிடிப்பது இதுதான். சிங்க் குழாய்க்கும் வாஷ்பேசினுக்கும் அடியில் ஆங்கிள் காக் என்ற சிறு வால்வு இருக்கும், அதை மூடினால் போதும். குளியலறைச் சுவர்க் குழாய், கொல்லைப்புறத் துவைகல் குழாய் என்றால் மொட்டை மாடித் தொட்டிக்கு அடியில் உள்ள வால்வைத்தான் மூட வேண்டும். தொட்டியிலிருந்து இரண்டு மூன்று லைன் இறங்கும் வீடுகளில் எது எந்தப் பக்கம் போகிறது என்பது யாருக்கும் நினைவில் இருக்காது. ஒவ்வொன்றாக மூடி, கீழே ஒருவரைக் குழாயைத் திறந்து பார்க்கச் சொல்லி, பெயின்டால் 'சமையல்', 'பாத்ரூம்' என்று பைப் மேலேயே எழுதிவிடுங்கள். அடுத்த முறை பாதி வேலை மிச்சம்.

வருடக்கணக்கில் தொடாத கேட் வால்வு எளிதில் அசையாது. சக்கரத்தில் கம்பியை மாட்டி நெம்பினால் உள்ளிருக்கும் தண்டு முறியும். தண்ணீரை அடைக்கும் உள்தகடு பாதியில் மாட்டிக்கொண்டால் வீட்டுக்கே தண்ணீர் இல்லை. கால் சுற்று மூடுவது, கால் சுற்று திறப்பது என்று முன்னும் பின்னுமாக ஆட்டினால் உப்பு உதிர்ந்து மெதுவாக இளகும். முழுவதும் மூடிய பிறகும் கொஞ்சம் ஒழுகுகிறதா? பழைய கேட் வால்வில் அது சகஜம். வீட்டிலேயே தாழ்வான இன்னொரு குழாயைத் திறந்து விட்டால் அந்த ஒழுகல் அந்தப் பக்கம் போய்விடும், இங்கே வேலை செய்யலாம். வால்வே இல்லாத வீட்டில் தொட்டியைக் காலி செய்துதான் ஆக வேண்டும். அதற்குக் காலைக் குளியலும் துணி துவைப்பும் முடிந்து, மோட்டார் போடுவதற்கு முன் உள்ள நேரமே சரி.

கீசருக்குப் போகும் லைனை மூடுவதாக இருந்தால் முதலில் கீசர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பிறகு எல்லாக் குழாயையும் திறந்து பைப்பில் தேங்கியதை வடியவிடுங்கள். சிங்க் ஓட்டையிலும் தரை ஜாலியிலும் ஒரு துணியைப் போட்டு மூடுங்கள். கைப்பிடித் திருகு உள்ளே விழுந்தால் தேட வழியில்லை.

கருவிகள் அதிகம் வேண்டாம். 10 இஞ்சு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், 10 இஞ்சு பைப் ரிஞ்ச், நட்சத்திரத் திருப்புளி, சிறிய ஆலன் கீ செட், ஒரு குறடு, பழைய டூத் பிரஷ், கசியாமல் இருக்க மரையில் சுற்றும் டெஃப்லான் டேப். கூடவே பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு சாண் துண்டு. குரோம் பூச்சுள்ள குழாயில் அதைச் சுற்றிவிட்டு ரிஞ்சைப் போட்டால் பல் பதியாது. துணியைவிட இது நல்லது, வழுக்காது.

துவைகல் குழாய்: வாஷர் வகை

பல சுற்றுத் திருகி மூடும் பித்தளைக் குழாய் இது. தண்ணீர் அடியிலிருந்து ஒரு வட்ட விளிம்பு வழியாக மேலே வருகிறது. அந்த விளிம்பைத்தான் சீட் என்பார்கள். கைப்பிடியைத் திருப்பினால் தண்டு இறங்கி, நுனியில் உள்ள வாஷரைச் சீட்டின் மேல் அழுத்தும். மொத்த வித்தை அவ்வளவுதான்.

கைப்பிடியின் மேல் பொட்டு மாதிரி மூடி இருந்தால் கத்தி நுனியால் நெம்பி எடுங்கள். அடியில் திருகு இருக்கும். பொட்டு இல்லையென்றால் பக்கவாட்டில் சிறு துளைக்குள் ஆலன் திருகு ஒளிந்திருக்கும். உப்புத் தண்ணீரில் வருடக்கணக்காக இருந்த கைப்பிடி திருகை எடுத்த பிறகும் வராது. வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டு, பக்கவாட்டில் ஆட்டி ஆட்டித் தூக்குங்கள். கீழிருந்து சுத்தியலால் தட்டினால் தண்டு வளைந்துவிடும்.

அடுத்து, மேல்பகுதியைக் கழற்றும் முன் தண்டைத் திறக்கும் பக்கம் முழுவதும் திருப்பி வையுங்கள். இதை விட்டுவிட்டால் வாஷர் சீட்டில் அழுந்தியபடியே இருக்கும், கழற்றும்போது மரையின் மேல் வீண் பாரம் விழும். இப்போது ஒரு கையில் பைப் ரிஞ்சால் குழாயின் உடம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஸ்பேனரால் மேல் நட்டை இடப்பக்கம் திருப்புங்கள். உடம்பைப் பிடிக்காமல் திருப்பினால் குழாய் முழுவதும் சுவருக்குள் சுற்றும். வாஷர் மாற்றப் போய் சுவர்க் கசிவை வாங்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

வெளியே வந்த தண்டின் அடியில் வாஷர் தெரியும். சில குழாய்களில் வாஷரைத் தாங்கும் சிறு பித்தளைத் துண்டு தண்டோடு வராமல் உள்ளேயே தங்கிவிடும், குறட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த வாஷரின் முகத்தில் வளையல் பதித்தது போல ஒரு பள்ளம் இருக்கும். ரப்பர் கல்லாக இறுகியிருக்கலாம், ஒரு பக்கம் கிழிந்திருக்கலாம். சிறு நட் போட்டுப் பிடித்திருந்தால் வாஷர் மட்டும் போதும். அழுத்திப் பொருத்திய வகையென்றால் அந்தப் பித்தளைத் துண்டோடு சேர்த்தே மாற்ற வேண்டும். இரண்டிலும் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போவதுதான் நல்லது. கடைக்காரர் சொல்லும் 'எல்லாத்துக்கும் சேரும் சார்' வாஷர் எல்லாவற்றுக்கும் சேராது. சீட்டைவிடச் சிறியதாக இருந்தால் மூடாது, உடம்பின் உட்சுவரில் உரசும் அளவு பெரியதாக இருந்தால் சாய்ந்து உட்காரும்.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லையென்றால் பழைய வாஷரையே தலைகீழாகத் திருப்பிப் போடலாம். பின்முகம் தேயாமல் இருக்கும், கொஞ்ச நாள் தாங்கும். ரப்பர்ச் செருப்பை வெட்டிப் போடும் பழக்கமும் ஊரில் உண்டு. அது பஞ்சு ரப்பர், சீக்கிரம் நசுங்கிப் பிசிறாகி, மூக்கு வலையில் போய் அடைத்துக்கொள்ளும். அதைவிட வாளிக்குள் துணித் திரி தொங்கவிட்டுச் சொட்டை இறக்கிவிட்டு மறுநாள் கடைக்குப் போகலாம். ராத்திரி சத்தமும் இருக்காது.

புது வாஷர் போடும் முன் சீட்டைப் பார்க்காமல் விடாதீர்கள். டார்ச் அடித்து, சுண்டுவிரல் நகத்தால் விளிம்பைச் சுற்றித் தடவுங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே வெட்டு விழுந்திருக்கிறது. மணலோடு வரும் போர் தண்ணீர் மூடாத இடுக்கு வழியாக வேகமாகப் பாய்ந்து பித்தளையை அரித்து வாய்க்கால் போட்டுவிடும். அந்த வாய்க்காலை எந்த வாஷரும் அடைக்காது. புது வாஷர் போட்டும் சில நாளில் திரும்பச் சொட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். லேசான வெட்டு என்றால், தட்டையாக அறுத்த மரக்குச்சியின் முனையில் வாஷர் அளவுக்கு நைஸ் வாட்டர் பேப்பரை ஒட்டி, நேராகப் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு சுற்று தேய்க்கலாம். சீட் கட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது, மெதுவாக இரண்டு மூன்று சுற்றே போதும். தேய்த்த பிறகு வால்வைக் கொஞ்சம் திறந்து ஒரு குவளைத் தண்ணீரைப் பீய்ச்சவிட்டுத் தூளை வெளியேற்றுங்கள். வெட்டு ஆழமாக இருந்தால் குழாயை மாற்றுவதே லாபம்.

கழற்றியது கழற்றியபடி இருக்கையில் கிளாண்டையும் பார்த்துவிடலாம். கைப்பிடிக்கு அடியில் உள்ள சிறிய நட் அது. உள்ளே தண்டைச் சுற்றி நூல் அல்லது ரப்பர் அடைத்திருக்கும். கசிவு அங்கே மட்டும்தான் என்றால் எதையும் பிரிக்காமல் நட்டை எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு மேல் இறுக்கினால் கைப்பிடி கனத்துவிடும். நிற்கவில்லையா, நட்டைத் தூக்கிப் பழைய அடைப்பை ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு, டெஃப்லான் டேப்பைத் திரி போல முறுக்கித் தண்டில் இரண்டு மூன்று சுற்று சுற்றி நட்டை இறக்குங்கள்.

திரும்ப மாட்டுவது கழற்றியதன் தலைகீழ். தண்டை மேலே ஏற்றிய நிலையில்தான் மேல்பகுதியை இறுக்க வேண்டும். மரைக்கு சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு. தேங்காய் எண்ணெய், வண்டி கிரீஸ் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

கால் திருப்புக் குழாய்: கார்ட்ரிட்ஜ் வகை

கால் சுற்றில் திறந்து மூடும் குழாயில் வாஷர் கிடையாது. அதற்குப் பதில் உள்ள கார்ட்ரிட்ஜுக்குள் வழவழப்பான இரண்டு செராமிக் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஓட்டைகள் நேர்க்கோட்டில் வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். எனவே இந்த வகையை அழுத்தி மூடுவதற்கு அர்த்தமே இல்லை. ஒரு முட்டு வரைதான் திரும்பும். அதற்கு மேல் அழுத்தினால் கைப்பிடிப் பல் தேயும்.

இதற்கு எதிரிகள் இரண்டு, மணலும் உப்பும். மணல் வட்டைக் கீறும், உப்பு வட்டை ஒட்டவைக்கும். கைப்பிடி கடினமாகி, கூடவே சொட்டவும் செய்தால் உப்பாக இருக்கும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி வெள்ளை வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து அலசி மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும். எலுமிச்சை உப்பு ஒரு தேக்கரண்டி, வெந்நீர் ஒரு டம்ளர் என்று கரைத்தாலும் அதே வேலை செய்யும். பித்தளைப் பாகங்களுக்கு வீட்டுப் புளியே போதும். டாய்லெட் கழுவும் ஆசிட் பக்கம் மட்டும் போகாதீர்கள். அது குரோம் பூச்சைத் தின்றுவிடும், பித்தளையையும் அரிக்கும்.

வட்டு கீறியிருந்தால் புது கார்ட்ரிட்ஜ்தான். வாங்கும்போது நான்கு விஷயம் பொருந்த வேண்டும்: மொத்த உயரம், மரையின் விட்டம், கைப்பிடி மாட்டும் பல்லின் எண்ணிக்கை, திறக்கும் திசை. கடைசியதை யாரும் பார்ப்பதில்லை. வலம், இடம் என்று இரண்டு வகை உண்டு. மாற்றி வாங்கினால் சொட்டு நிற்கும், ஆனால் கைப்பிடி எதிர்ப்பக்கம் திரும்பும். சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் வரும் மிக்ஸரில் இது தினமும் எரிச்சல். கார்ட்ரிட்ஜின் அடியில் உள்ள ரப்பர் வளையம் நழுவாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று மாட்டும் முன் பாருங்கள். கையால் முடிந்த மட்டும் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். அதிகம் போனால் வட்டுகள் நெருங்கிக் கைப்பிடி திரும்பவே சிரமப்படும்.

சிங்க்கின் வளைகழுத்துக் குழாயில் கழுத்தைப் பிடிக்கும் வளைய நட்டைக் கழற்றி மேலே இழுத்தால் ஓ-ரிங் தெரியும், ஒன்றோ இரண்டோ. மாற்றிவிட்டால் முடிந்தது.

சுவரோரக் கசிவு

மற்றதெல்லாம் குழாய்க்குள் நடப்பது. இது சுவருக்குள் நடப்பது, ஆகவே ஒத்திப்போடக் கூடாது. சுவரின் மறுபக்கம் பெயின்ட் உப்பி நிற்கிறதா, டைல்ஸ் இடுக்கு எப்போதும் கருத்தே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எம்-சீல் மாதிரி மாவை வெளியிலிருந்து அப்புவது உதவாது. ஈரத்தின் மேல் அது பிடிக்காது. பிடித்தாலும் தண்ணீர் வெளியே வராமல் சுவருக்குள் இறங்கும், அது இன்னும் கேடு.

குழாயைப் பைப் ரிஞ்சால் இடப்பக்கம் திருப்பி முழுவதும் கழற்றுங்கள். எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று சுற்றிலேயே கையோடு வந்துவிட்டதா? அப்படியானால் டேப் மேல் பழி போட வேண்டாம். குழாய் மாட்டும் வளைவு இணைப்பான எல்போ சுவருக்குள் ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது, குழாயின் மரை அதை எட்டவில்லை. பூச்சும் டைல்ஸும் ஏறிய பழைய குளியலறைகளில் இது சர்வ சாதாரணம். எத்தனை டேப் சுற்றினாலும் இரண்டு மரைப் பிடிப்பில் தண்ணீர் நிற்காது. டைல்ஸ் முகத்திலிருந்து எல்போ வாய் வரை ஸ்கேலை விட்டு ஆழத்தை அளந்து, அந்த அளவுக்கு எக்ஸ்டென்ஷன் நிப்பிள் என்ற நீட்டிப்புத் துண்டை வாங்கிப் போடுங்கள். அரை இஞ்சு, ஒரு இஞ்சு, ஒன்றரை, இரண்டு என்று கிடைக்கும். நல்ல பொருத்தமென்றால் ஐந்து மரையாவது உள்ளே பிடிக்க வேண்டும்.

அளவில் ஒரு வழுக்கல் உண்டு. வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் அரை இஞ்சு, அதாவது 15 மி.மீ. ஆனால் அந்த அரை இஞ்சு மரையின் வெளிவிட்டத்தை அளந்தால் ஏறக்குறைய 21 மி.மீ. வரும். ஸ்கேலில் அதைப் பார்த்துவிட்டு முக்கால் இஞ்சு என்று வாங்கி வந்து திரும்பக் கடைக்கு ஓடுபவர்கள் உண்டு. முக்கால் இஞ்சு மரை 26 மி.மீ.க்கு மேல் இருக்கும். 'நாலு நூல் குழாய்' என்று கேட்டால் பழைய கடைக்காரர் சரியாக எடுத்துக் கொடுப்பார், எட்டு நூல் ஒரு இஞ்சு.

மரையில் ஒட்டியிருக்கும் பழைய டேப், சணல், பெயின்ட் எல்லாவற்றையும் கம்பி பிரஷால் சுத்தம் செய்யுங்கள். எல்போவின் உள்மரையை டூத் பிரஷால் தேய்த்து உலர்த்துங்கள். டேப் சுற்றும் திசை முக்கியம். மரை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி குழாயைப் பிடித்து, கடிகார முள் சுற்றும் பக்கமாகச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் குழாயைத் திருகி ஏற்றும்போது டேப் பிரிந்து மரைக்கு வெளியே சுருண்டு நிற்கும். முதல் மரையை வெறுமனே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் டேப் பிசிறு உள்ளே போய்க் கார்ட்ரிட்ஜில் சிக்கும். டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டே, மரையின் பள்ளம் மேடு தெரியும்படி சுற்ற வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய வெள்ளை டேப் என்றால் 12 முதல் 15 சுற்று. கெட்டியான டேப்புக்கு அதில் பாதி போதும்.

சுவரை மறைக்கும் வட்டத் தகட்டை முதலிலேயே குழாயில் மாட்டிவிடுங்கள். இறுக்கி முடித்த பிறகு அது நினைவுக்கு வந்தால் எல்லாம் முதலிலிருந்து.

குழாயைக் கையால் மூன்று நான்கு சுற்று ஏற்ற முடிய வேண்டும். முதல் சுற்றிலேயே இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றி நேராக வையுங்கள். பிறகு ரிஞ்சால் ஒன்று, ஒன்றரைச் சுற்று. மூக்கு கீழே பார்க்கும்படி நிறுத்த வேண்டும். கொஞ்சம் தாண்டிவிட்டது என்று பின்னுக்குத் திருப்பவே கூடாது. நசுங்கி உட்கார்ந்த டேப் அந்தக் கால் சுற்றில் பிடிப்பை விட்டுவிடும். தாண்டிவிட்டால் கழற்றி, டேப்பைச் சுரண்டி, இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி மறுபடி ஏற்றுவதுதான் வழி. பொறுமை இல்லாதவர்களுக்கு இது இரண்டாவது கண்ணி.

சுவருக்குள் என்ன பைப் என்று தெரிந்துகொண்டு பலம் காட்டுங்கள். சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பில், பித்தளை மரை பதித்த எல்போ என்றால் அளவாக இறுக்கலாம். முழுவதும் பிளாஸ்டிக் மரை என்றால் டேப்பும் குறைவாக, இறுக்கமும் குறைவாக. அதிகம் இறுக்கினால் எல்போ நீளவாக்கில் விரிசல் விடும், பிறகு சுவரை உடைக்க வேண்டும். பழைய ஜிஐ இரும்பு பைப் என்றால் பயம் வேறு. குழாயோடு சேர்ந்து துருப்பிடித்த மரையும் முறிந்து எல்போவுக்குள் தங்கிவிடும். ஆக்ஸா பிளேடு துண்டால் உள்ளிருந்து இரண்டு இடத்தில் அறுத்து, சிறு உளியால் உட்புறமாக மடக்கி எடுப்பார்கள். பிளேடு கொஞ்சம் ஆழமாகப் போனாலும் எல்போவின் மரை போய்விடும். கையில் பழக்கமில்லாதவர்கள் இங்கே நிறுத்திவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுவது நல்லது. கழற்றும்போது குழாயோடு சுவருக்குள் ஏதோ சேர்ந்து அசைவது போல உணர்ந்தாலும் அப்படியே நிறுத்துங்கள்.

சோதனை

வால்வை மெதுவாகத் திறங்கள். ஒரேயடியாகத் திறந்தால் பைப்பில் உள்ள காற்று குழாய்களை உதைக்கும். வால்வை ஆட்டியதில் உதிர்ந்த துருவும் உப்பும் முதல் தண்ணீரோடு வரும். அதனால் சிங்க் குழாயின் மூக்கு வலையைக் கழற்றிவிட்டு ஒரு வாளி தண்ணீரை ஓடவிட்டு, பிறகு வலையை மாட்டுங்கள்.

குழாயைத் துடைத்து, அரை மணி கழித்து அதே டிஷ்யூவால் அதே நான்கு இடங்களில் ஒற்றிப் பாருங்கள். வாஷர் மாற்றிய குழாய் முதல் சில மணி நேரம் இரண்டொரு சொட்டு விட்டால் பதற வேண்டாம், புது ரப்பர் சீட்டில் படிந்து உட்கார நேரம் எடுக்கும். சுவரோரம் மட்டும் ஒரு சொட்டுக்கும் சலுகை கிடையாது, உடனே கழற்றி மறுபடி டேப் சுற்ற வேண்டும். கடைசியாக, தொட்டியை முழுவதும் நிரப்பி இரவு முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும். பாதித் தொட்டியில் தாங்கிய மூட்டு நிறைந்த தொட்டியில் கசியலாம், மேல்மாடியைவிடத் தரைத்தளக் குழாய்க்கு இந்தச் சோதனை கடுமையானது.

மாற்றிய பழைய பித்தளைக் குழாயைக் குப்பையில் போட வேண்டாம். அதன் தண்டும் கிளாண்டு நட்டும் கைப்பிடித் திருகும் அதே மாதிரியான இன்னொரு குழாய்க்கு உதிரியாகும். மிச்சத்தைப் பழைய இரும்புக் கடையில் பித்தளை விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.